ஹூ, விச், தட்: எப்போது விடலாம், எப்போது விடக் கூடாது?

தமிழில் ‘ராஜராஜன் கட்டிய கோயில்’ என்போம், திருப்பிப் போட்டால் ‘கோயிலைக் கட்டிய ராஜராஜன்’. இரண்டுக்கும் ‘கட்டிய’ என்ற ஒரே பெயரெச்சம் போதும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஹூ, விச், தட் என்று ஏதாவது வந்து உட்காரும், சில சமயம் சொல்லாமல் காணாமலும் போகும். 1010-ல் கட்டி முடித்த தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

முதலில் இரண்டு வாக்கியங்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

‘தி டெம்பிள் தட் ராஜராஜன் பில்ட் இஸ் இன் தஞ்சாவூர்.’
‘தி கிங் ஹூ பில்ட் தி டெம்பிள் வாஸ் ராஜராஜன்.’

அடுத்து, தட், ஹூ இரண்டுக்கும் ஒட்டினாற்போல் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். முதலாவதில் ராஜராஜன், அதாவது பெயர். இரண்டாவதில் பில்ட், வினை. பெயரோ, ஐ, ஹீ, தே மாதிரிச் சொல்லோ வந்தால் தாராளமாக எடுத்துவிடலாம். நேரே வினை வந்தால் கை வைக்காதீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். இரண்டாவதில் ஹூவை எடுத்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள்: ‘தி கிங் பில்ட் தி டெம்பிள்’. ராஜா கோயிலைக் கட்டினார், சரி, வாக்கியம் முடிந்தது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார், அப்புறம் வருகிற ‘வாஸ் ராஜராஜன்’ எதோடும் ஒட்டாமல் தொங்கும். ‘தி டெம்பிள் ராஜராஜன் பில்ட்’ என்பதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தட் போன இடத்தை நிரப்புகிறேன் என்று ‘பில்ட் இட்’ என எழுதிவிடாதீர்கள், அந்த இட் வேண்டவே வேண்டாம்.

‘தி பஸ் இன் விச் ஐ கேம்’ என்பதில் விச்சுக்கு முன்னால் இன் நிற்பதால் அதை எடுக்க முடியாது. இன்னைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: ‘தி பஸ் ஐ கேம் இன்’. பேச்சுக்கு இதுதான் இயல்பு, முன்னது கொஞ்சம் கோட்டு போட்ட ஆங்கிலம்.

‘கல்லணை, விச் கரிகாலன் பில்ட், இஸ் ஸ்டில் இன் யூஸ்.’ இங்கே விச்சுக்குப் பின்னால் பெயர்தான் இருக்கிறது, ஆனாலும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் காற்புள்ளிக்குள் வருவது கூடுதல் தகவல். ‘யாருடைய’ என்று உடைமையைக் காட்டும் ஹூஸ் எப்போதும் இருந்தாக வேண்டும்.

இப்போது நீங்கள் செய்து பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று டெல்டாவே பார்த்துக்கொண்டிருக்கும் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம்: ‘தி வாட்டர் தட் வி கெட் ஃப்ரம் மேட்டூர்’, ‘தி வாட்டர் தட் கம்ஸ் ஃப்ரம் மேட்டூர்’. முதலாவதில் தட்டை எடுக்கலாம். இரண்டாவதில் எடுத்தே தீருவேன் என்றால் வினையையும் சேர்த்து மாற்றுங்கள்: ‘தி வாட்டர் கமிங் ஃப்ரம் மேட்டூர்’.