மலை இறங்கும் காருக்கு முன்சக்கர பிரேக் பேட் மாற்றுவது எப்படி?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். அதனால் இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பேட் மாற்றினால் போதும் என்று கீழே இருப்பவர்கள் சொல்லும் கணக்கு நமக்கு ஆகாது. ஓடிய கிலோமீட்டரை விட்டுவிட்டுப் பேடைப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது பழைய ஆல்டோ. தோட்டத்துக்கு உர மூட்டை வருவதும் அதில்தான், மகளைக் கோயம்புத்தூர் விடுதியில் கொண்டுபோய் விடுவதும் அதில்தான். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டிரம் வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவேன். முன் பேடை நானே மாற்றுகிறேன். நிதானம் இருந்தால் ஒரு காலைப்பொழுது போதும்.

முதலில் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்துக்கு ஆயில் போகும், டப்பாவில் குறையும். பேட் நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

பேடில் இரும்புத் தகட்டைக் கழித்து, மேலே ஒட்டியிருக்கும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். நான் 4 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். வெளிப்பேடை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உள்பேட் பல வண்டிகளில் முன்னதாகத் தேய்ந்துவிடும். கீச்சென்ற சத்தம் கர்கர் என்று மாறிவிட்டால் பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது என்று அர்த்தம்.

பேட் வாங்குவதுதான் மலையில் பெரும்பாடு. "நாளைக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ல வந்துரும்க்கா" என்பார் கடைக்காரர். வரும். ஆனால் வேறு வருட மாடலுக்கானது வரும். வண்டியின் வருடத்தையும் மாடலையும் எழுதிக் கொடுத்து, வந்ததும் பழைய பேடோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அதை மாட்டுங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கொண்டை ஊசி வளைவில் அது பொல்லாத விஷயம்.

சமதளம் இல்லாத இடத்தில் ஜாக்கி போடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வாசலும் சமமில்லை, நான் விளையாட்டுத் திடல் ஓரத்துக்குக் கொண்டுபோவேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் அது தாங்கும்.

பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலும் காலிபரை மேலே திருப்பிவிடலாம். முழுதாகக் கழற்ற நேர்ந்தால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பாரம் ரப்பர் ஹோஸில் விழக் கூடாது. தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டிஸ்க்கில் ஆழமான கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். மாட்டும் வரை எண்ணெய்க் கை அதில் படக் கூடாது.

பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெல்ல மெல்ல உள்ளே அழுத்துங்கள். அப்போது ஆயில் டப்பாவுக்குத் திரும்பி ஏறும். மேலே வழிவதற்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும்.

காலிபர் நகரும் இரண்டு பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். மழையிலும் மஞ்சிலும் நிற்கும் நம் வண்டிகளில் இந்தப் பின்கள்தான் துருப்பிடித்து இறுகுகின்றன. புதுப் பேட் சீக்கிரம் தேய்கிறதே என்று கடையைத் திட்டுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

புதுப் பேட், காலிபர், சக்கரம் எல்லாம் மாட்டி முடித்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், மிதி கெட்டியாகும் வரை பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். இதை மறந்து வண்டியை நகர்த்தினால் முதல் மிதியில் கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. பிறகு டப்பாவில் அளவைச் சரிபாருங்கள்.

ஆயில் 2 வருடத்துக்கு மேல் பழையதென்றால், கையோடு மெக்கானிக்கிடம் அதை மாற்றி, குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி பஞ்சாகிவிடும். குஞ்சப்பனை பக்கம் சக்கரத்தில் புகையோடு ஓரங்கட்டி, சூட்டில் தண்ணீர் ஊற்றும் வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். தானாக ஆறட்டும், பிறகு இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.

புதுப் பேடோடு உடனே மலை இறங்க வேண்டாம். சமதளமான ரோட்டில் மிதமான வேகத்தில் ஓட்டி, மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பதிய விடுங்கள். முதல் இறக்கம் முடிந்ததும் நட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, இரண்டு முன்சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கத்துக் காலிபர் பின் இறுகியிருக்கக்கூடும், மறுபடி கழற்றிப் பாருங்கள்.