கறுப்பு அட்டையில மைக்கா பவுடர் வச்சு பொங்கல் கார்டு செய்யலாம் வாங்க

மைக்கா பவுடர் வாங்கி கார்டுல தடவினேன், தொட்டா கையோட வந்துடுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. இந்த பவுடருக்கு தானா ஒட்டுற குணமே கிடையாதுங்க. நம்ம காக்காப்பொன்னுன்னு சொல்லுவோமே, அந்த அப்பிரகத்தை நைசா தூளாக்கி அதுமேல டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு மாதிரி ஏதாவது பூசினதுதான் இது, பசையை நாமதான் குடுக்கணும்.

அட்டை 250 ஜிஎஸ்எம்முக்கு (அட்டையோட கனத்தை சொல்ற அளவு) மேல, கறுப்பு இல்லனா அடர் மெரூன் எடுத்துக்கோங்க. டப்பாவுல வெள்ளையா தெரியுற சில பவுடர் இருக்கும், வெள்ளை பேப்பர்ல போட்டா ஒண்ணுமே தெரியாது, அதையே கறுப்புல போட்டு சாய்ச்சு பாருங்க, நீலமும் பச்சையுமா அப்படி மின்னும், எனக்கு இன்னமும் அது அலுக்கல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஃபேனை ஆஃப் பண்ணிட்டு மாஸ்க் போட்டுக்கோங்க, ரொம்ப நைசான தூள், மூச்சுல போகக்கூடாது, குழந்தைங்க பக்கத்துல இருந்தா இன்னும் கவனம்.

டிசைன் பதிக்கிற ரப்பர் ஸ்டாம்ப் இருந்தா வெர்சாமார்க் மாதிரி நிறமில்லாத ஒட்டுற இங்க்ல தொட்டு அட்டையில அழுத்துங்க. ஈரம் காயுறதுக்குள்ள மெத்துனு இருக்கிற பிரஷ்ல துளியூண்டு பவுடர் தொட்டு தட்டி தட்டி வைங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா கோடு கலைஞ்சிடும். அப்புறம் அட்டையை ஒரு பேப்பர் மேல கவுத்து பின்பக்கம் சுண்டுங்க, கொட்டுற பவுடரை திரும்ப டப்பாவுலயே போட்டுடலாம். மிச்சத்தை காஞ்ச பிரஷ்ல தள்ளிடுங்க, வாயால ஊத வேணாம்.

ஸ்டாம்ப் இல்லனா கவலையே வேணாம், எனக்கு பிடிச்சதே இந்த வழிதான். நாட்டு மருந்து கடையில கருவேலம் பிசின் கிடைக்கும், நல்லா பொடிச்சு சலிச்சுக்கோங்க. நாலு பங்கு மைக்காவுக்கு ஒரு பங்கு பிசின் பொடி, அதுல சொட்டு சொட்டா தண்ணி விட்டு பால் ஏடு பதத்துக்கு குழைச்சா பெயிண்ட் ரெடி. மெல்லிசான பிரஷ்ல புள்ளி வச்சு சிக்கு கோலம் போடுங்க, கறுப்பு அட்டையில வெள்ளி கோலம், நடுவுல தங்க கலர்ல பொங்கப்பானை, காஞ்சதும் விளக்கு வெளிச்சத்துல பாக்கணும் அதை! பிசின் குறைஞ்சா தூளா உதிரும், கூடினா மினுமினுப்பு மங்கி வெடிக்கும், அதனால ஒரு துண்டு அட்டையில போட்டு பாத்துட்டு கார்டுல கை வைங்க.

நல்லா காஞ்சதும் ஒரு அடி தூரத்துல இருந்து ஃபிக்ஸேடிவ் ஸ்ப்ரே (பவுடர் உதிராம பிடிச்சு வைக்கிற ஸ்ப்ரே) லேசா ரெண்டு தடவை அடிங்க. கிட்ட வச்சு அடிச்சா பவுடர் பறந்துடும். தண்ணில குழைச்ச பெயிண்டுக்கு ஈரக்கை படக்கூடாது, அதனால அதுக்கும் ஸ்ப்ரே அவசியம்தான்.

வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்க, ப்ளீஸ். ஜார்கண்ட், பீகார் பக்கம் அப்பிரகம் பொறுக்குற வேலையில சின்ன பசங்களும் இருக்காங்கன்னு பல வருஷமா செய்தி வந்துட்டே இருக்கு. சிந்தெட்டிக் மைக்கான்னு போட்டது கிடைச்சா நான் அதைத்தான் வாங்குறேன், அது சுரங்கத்துல வெட்டினது இல்ல, செயற்கையா தயாரிச்சது, மினுக்கும் நல்லாவே இருக்கு.

தபால்ல அனுப்புறதா இருந்தா கார்டு மேல ஒரு பட்டர் பேப்பர் வச்சு கவர்ல போடுங்க, உரசாம போய் சேரும்.