காட்பாடி ரயிலுக்கு மடக்கு சைக்கிளில்

வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி ஜங்ஷனுக்கு மடக்கு சைக்கிளில் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நடுக்கீல், அதாவது சைக்கிளின் சட்டம் இரண்டாக மடங்கும் இடம். அதன் லீவரை உள்ளங்கையால் அழுத்தித்தான் மூட முடிய வேண்டும். ஒரு விரலிலேயே மூடினால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நட்டைக் கால் சுற்று முறுக்கி மறுபடி மூடிப் பாருங்கள். கீலில் மணல் சேர்ந்தாலும் லீவர் முழுசாக உட்காராது, துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். லீவர் தானாகத் திறக்காமல் பிடிக்கும் பாதுகாப்புக் கொக்கி விழுந்ததா என்று பார்க்காமல் ஏறவே கூடாது.

20 அங்குலச் சக்கரம் சின்னப் பள்ளத்தில்கூட அடி வாங்கும். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று இருக்கட்டும். குறைந்தால் டியூப் ரிம்மில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

ஸ்டேஷன் வாசலிலேயே மடக்கிவிடுங்கள். ரயிலில் கதவோரம் வேண்டாம், ஏறி இறங்குகிறவர்களுக்கு இடைஞ்சல். செயின் கிரீஸ் யார் வேட்டியிலும் படாமலிருக்க பழைய பை ஒன்றை மாட்டிவிடுங்கள்.