பழைய எம்ஜிபி காரின் முன் சஸ்பென்ஷன்: குறைந்த செலவில் சரிசெய்ய

1962 முதல் 1980 வரை வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே முழு செட்டும் வாங்க ஓடாதீர்கள். முதலில் கீழ் விஷ்போன் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்ஷை, அதாவது அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையைப் பாருங்கள். ரப்பர் நசுங்கி ஓரமாகப் பிதுங்கியிருக்கும். அதற்குப் பதில் எம்ஜிபி ஜிடி வி8 மாடலின் புஷ் போடலாம். அளவு அப்படியே பொருந்தும், நாலே நாலு போதும், நீண்ட நாள் உழைக்கும். பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருள்) புஷ்ஷும் உண்டு; ஆனால் விலையும் கூட, சவாரியும் கொஞ்சம் முரடு, எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு விஷயம்: வி8 புஷ்ஷின் நட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அப்புறம் லீவர் டேம்பர், அதாவது குலுக்கலை அடக்கும், கை வைத்த ஆயில் ஷாக் அப்சார்பர். மூடியைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டுத் திறந்து, டேம்பர் ஆயில் ஊற்றுங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும். ஷாஃப்ட் ஓரம் ஒழுகினால் மட்டும் ரீகண்டிஷன் செய்தது வாங்கலாம்.

காயில் ஸ்பிரிங்கை மட்டும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். ஸ்பிரிங் பேனை (ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் தட்டை) ஜாக்கியில் தாங்கி, மெல்ல மெல்ல இறக்குங்கள்.