தோல் வார் வெட்ட எந்தக் கருவி நல்லது?

இடுப்புப் பட்டி, பை வார், மணிக்கூட்டுப் பட்டி என்று செய்யத் தொடங்குகிறவர்களுக்கு மரத்தாலான வார் வெட்டியே காணும். ஒரு பிடி, அதற்குள் ஓடும் அளவுச் சட்டம், நுனியில் மெல்லிய பிளேட். ஏறக்குறைய 4 அங்குல அகலம் வரை வெட்டலாம். மழுங்கினால் பிளேட்டை மாற்றிவிடலாம். கைத்துப்பாக்கி போலப் பிடி வைத்த இரும்புக் கருவி தடித்த தோலுக்குத் திறம்தான், ஆனால் அதன் அலகைத் தீட்டப் பழகியிருக்க வேண்டும்.

வாங்கும்போது சட்டத்தை இறுக்கும் திருகாணியைத்தான் முதலில் பாருங்கள். அளவை வைத்து இறுக்கியபின் சட்டத்தை விரலால் ஒருக்கா அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் வாங்காதீர்கள். வாரின் ஒரு முனை 38 மி.மீ., மறுமுனை 36 என்று வந்து நிற்கும். மாற்றுப் பிளேட் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சின்னப் பிளேட்டுக்காகக் கொழும்பிலிருந்து பார்சல் எடுப்பது வீண் காசு.

எவ்வளவு நல்ல கருவியும் தோலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். விளிம்பு வளைந்திருந்தால் வாரும் வளையும். ஆகவே முதல் விளிம்பை இரும்பு அடிமட்டம் வைத்துக் கத்தியால் நேராக வெட்டி எடுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும், நீள வாருக்கு முதுகுப் பக்கமே வேண்டும். தோல் நுழையும் இடைவெளியை அதன் தடிப்பைவிட மயிரிழை கூட விடுங்கள்.

மாரியில் மரம் ஊறிச் சட்டம் இறுகும், பிளேட்டும் கறள் பிடிக்கும். வேலை முடிந்ததும் பிளேட்டில் துளி எண்ணெய் தடவி, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள்.