கேரவனை இழுத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காருக்குப் பின்னால் சின்ன கேரவனை மாட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாக ஊர் சுற்றுவது நம் பக்கத்திலும் மெல்ல வந்துவிட்டது. நானும் என் மனைவியும் ஆற்காடு, ஆரணி, ஆம்பூர், ஜவ்வாது மலை அடிவாரம் என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க இப்படித்தான் போய் வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி வண்டி சம்பந்தப்பட்டவை, மீதி வழியில் பார்க்கும் மனிதர்கள் சம்பந்தப்பட்டவை. வண்டியில் இருந்தே ஆரம்பிக்கிறேன், அது உயிர் விஷயம்.

முதல் தவறு, கேரவனின் வால் பக்கம் பாரம் ஏற்றுவது. அலமாரி பின்னால் இருக்கிறது என்பதற்காக குக்கர், மிக்ஸி, இட்லிப் பானை, அரிசி எல்லாம் அங்கே போய்விடும். கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரோடு மாட்டும் முன்பக்கக் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தயாரித்தவர்கள் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். அது குறைந்தால், நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசுகிற மாதிரி தாண்டிப் போகும்போது அடிக்கிற காற்றிலேயே கேரவன் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், காரையும் சேர்த்து இழுக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனுக்குத் தனி பிரேக் கண்ட்ரோல் இருந்தால் அதை மட்டும் லேசாகக் கொடுங்கள். கனமான சாமான்களைச் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும், 100 லிட்டர் என்றால் 100 கிலோ. நம் சாலைகளில் தண்ணீர் கிடைக்காத ஊர் இல்லை, நிரப்பிக்கொண்டு ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது, டீ குடிக்க நிறுத்தினால் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவது. பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் ஒருமுறை நிறுத்தியிருந்தோம். பக்கத்துப் பஞ்சர் கடைப் பெரியவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே குனிந்து கேரவனின் இரண்டு சக்கரங்களிலும் நடு ஹப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனார். "இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படிக் கொதிக்குது நைனா? பேரிங்கைப் பாரு" என்றார். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் மனைவி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் புறங்கையைக் காட்டிப் பார்க்கிறோம். எல்லாச் சக்கரமும் ஒரே சூடாக இருந்தால் சரி, ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80, 100 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அந்தப் பெரியவர் காசு வாங்கவில்லை, உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் போதும் என்றார். குடித்தோம், ஒரு மணி நேரம் பேசினோம்.

ஏலகிரிக்குக் கேரவனோடு ஏறாதீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் திணறும், இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், எதிரில் பஸ் வந்தால் பின்னால் எடுக்கவும் இடம் இல்லை. அடிவாரத்தில் யாரையாவது கேட்டு, ஒப்புக்கொண்டால் கேரவனைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் மட்டும் போங்கள். கழற்றுவதற்கு முன்பே சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட வேண்டும். கழற்றிய பிறகு போடலாம் என்று நினைத்தால் அதற்குள் கேரவன் நகர்ந்துவிடும்.

போளூர், ஆரணி பக்கம் உள்சாலைகளில் புளியமரங்கள் இரண்டு பக்கமும் கூடாரம் போல நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் புளியங்கிளை வளையாது, கூரையில் ஏசியோ சோலாரோ வைத்திருந்தால் பெயர்த்துவிடும். கேரவனின் உயரத்தை அளந்து காரின் டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள், ரயில்வே சப்வேக்களுக்கும் அது உதவும். அப்புறம் பாலாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தானே, இரவு அங்கே தங்கினால் என்ன என்று தோன்றும். மணலில் சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும். அதோடு 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள் யாரும் ஆற்றுக்குள் வண்டியை நிறுத்த மாட்டார்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது சண்டை வராத தம்பதி இருக்க முடியாது. பின்னால் நிற்பவர் "வா, வா, வா" என்று கத்துவார், ஓட்டுபவருக்குக் கேட்காது, அப்புறம் அன்று ராத்திரி வரை பேச்சு இல்லை. இதற்குக் கத்துவதை விட்டுவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். கண்ணாடியில் ஆள் தெரியவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை எந்தப் பக்கம் நகர்கிறதோ கேரவனின் பின்பக்கமும் அந்தப் பக்கமே போகும், குழப்பம் தீரும். முக்கியமாக, மாட்டுவது, கழற்றுவது, ஓட்டுவது, காஸ் வால்வை மூடுவது நான்கும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் இன்னொருவர் நடுரோட்டில் தவித்து நிற்கக் கூடாது. ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும், காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கிவிடும்.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன். வருகிறவர்களில் பலர் வேலூர்க் கோட்டை, ஸ்ரீபுரம் தங்கக் கோயில், ஆம்பூர் பிரியாணி, ஏலகிரி என்று நேரம் குறித்த பட்டியலோடு வருகிறார்கள். அந்தப் பட்டியலுக்குள் பஞ்சர் கடைப் பெரியவருக்கு இடம் கிடையாது. விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது, மிளகு வணிகருக்கு வழித்துணையாக வந்ததாகக் கதை சொல்லப்படும் சாமி. நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் போதும். அங்கே நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு, எண்கள் வெட்டியிருக்கும். நாங்கள் அதைத் தாண்டிப் போகப் பார்த்தபோது ஒரு அம்மா கூப்பிட்டு, கீழே கிடந்த துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்துக் கல்லின் பள்ளத்தில் படுக்க வைத்துக் காட்டினார். நிழல் எண்ணின் மேல் விழுந்தது. என் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சரியாக இருந்தது. அவசரமாகப் போயிருந்தால் அது வெறும் கல்தான். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேரவனைப் பார்த்தால் ஜனங்கள் வருவார்கள். "உள்ளே பாக்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்கும். கதவைச் சாத்திக்கொண்டு திரையை இழுத்துவிடுவது பெரிய தவறு. செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள், பத்து நிமிஷ வேலை. அடுத்த நிமிஷம் அவர்கள் வீட்டில் இருந்து மோர் வரும், எங்கே நிறுத்தினால் ராத்திரி தொந்தரவு இருக்காது என்ற தகவலும் வரும். காலியிடம் மாதிரி தெரிவதெல்லாம் யாருக்கோ சொந்தம், கேட்காமல் நிறுத்தவே கூடாது. கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கொடுக்கிற சாப்பாட்டுக்கு நோட்டை நீட்டாதீர்கள், மனசு நோகும். பிள்ளைகளுக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக் கொடுங்கள். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிகளிடம் சாமை, தேன் வாங்கும்போது மட்டும் பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுங்கள். முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்குவதும் வேண்டாம். காவலூர் வானாய்வகம் பக்கம் தங்கினால் வெளி விளக்குகளை அணைத்துவிடுங்கள், அந்த இருட்டுக்காகத்தான் தொலைநோக்கியை அங்கே வைத்தார்கள்.

தண்ணீருக்கும் கேட்டே ஆக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்ன விவகாரம் இது. கண்ணில் பட்ட போர் குழாயில் தொட்டியை நிரப்பாதீர்கள். குடத்தோடு நிற்கும் அம்மாவிடம் எது குடிக்கிற தண்ணீர் என்று கேளுங்கள், அவர் கை காட்டும் குழாயில் பிடியுங்கள். அதேபோல உங்கள் சோப்புத் தண்ணீரை ஏரிக்கரையில் திறந்துவிடாதீர்கள், ஆடு மாடு அதைத்தான் குடிக்கிறது. ஒரு கேனில் பிடித்து வைத்து, அடுத்து தங்கும் இடத்தில் கழிப்பறையில் ஊற்றுங்கள்.