சாக்லேட் பாரை ருசி பார்ப்பது எப்படி?

எல்லா சாக்லேட்டும் ஒரே தித்திப்புதானே என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கத்துக் கடையில் கிடைக்கும் பார்களையே அடுத்தடுத்து வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

1. வாங்குவது

அமுல் டார்க் (55% கோகோ), டெய்ரி மில்க், கிட்கேட், ஸ்னிக்கர்ஸ் போதும். கூடவே, லேபிளில் கோகோ வெண்ணெய் (கோகோ விதையின் கொழுப்பு) இல்லாமல் தாவரக் கொழுப்பு மட்டும் போட்டிருக்கும் மலிவான பார் ஒன்று. அது எதற்கு என்று நான்காம் படியில் தெரியும்.

2. குளிர் விடுவது

முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். நம் ஊர் வெயிலுக்கு சாக்லேட்டை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் எடுத்த கையோடு வாயில் போட்டால் ருசியே வராது. கோகோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில். உடம்புச் சூடு 37. இந்தச் சின்ன இடைவெளியில்தான் சாக்லேட்டின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. ஜில்லென்ற துண்டு உருகுவதற்குள் நாம் மென்று விழுங்கிவிடுவோம். உருகாவிட்டால் மணம் மூக்குக்கு ஏறாது.

உறையைப் பிரிக்காமல், மூடிய டப்பாவோடு வெளியே எடுத்து இருபது நிமிடம் விடுங்கள். பிரித்து வைத்தால் காற்றிலுள்ள ஈரம் சாக்லேட் மேல் வியர்த்து, சர்க்கரையைக் கரைத்துவிடும். ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள். மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில் இதைச் செய்யாதீர்கள். குழம்புதான் மிஞ்சும்.

3. உடைப்பது

காதருகே வைத்து உடையுங்கள். டார்க் ‘டக்’ என்று முறியும். மில்க் சாக்லேட்டில் பால் கொழுப்பும் இருப்பதால் சத்தம் மந்தமாகத்தான் வரும். டார்க் பாரே சத்தமில்லாமல் வளைந்தால், கடையிலேயே ஒருமுறை உருகி இறுகிய சரக்கு அது.

4. உருக விடுவது

பல்லால் மெல்லக் கூடாது. நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். டார்க்கிலிருந்து தொடங்குங்கள். இனிப்பானதை முதலில் தின்றால் டார்க் வெறும் கசப்பாகத் தெரியும். சர்க்கரை, கோகோ துகள்கள் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலிருந்தால் நாக்கில் நறநறக்கும். நல்ல பார்களில் 20 மைக்ரான் அளவுக்கு அரைத்திருப்பார்கள். மணிக்கணக்கில் கடைந்து வழவழப்பாக்கும் முறையை 1879இல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் ரோடால்ஃப் லிண்ட். இப்போது அந்த மலிவு பாரைப் போடுங்கள். இனிப்பு போனபிறகும் மேலண்ணத்தில் மெழுகு போல ஒரு படலம் ஒட்டியிருந்தால், அது தாவரக் கொழுப்பின் வேலை.

ஒவ்வொன்றுக்கும் நடுவே வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். குளிர்ந்த நீர் வாயிலுள்ள கொழுப்பை இறுக்கிவிடும். பிஸ்கட்டும் வேண்டாம், உப்பில்லாத பொரியே மேல்.

5. அடைத்த பார்கள்

ஸ்னிக்கர்ஸைக் குறுக்கே வெட்டுங்கள். மெல்லிய கத்தியை வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்துவிட்டு வெட்டினால் கேரமல் இழுபடாது. கேரமல், நிலக்கடலை, நூகட் (அடியிலுள்ள மெத்தென்ற இனிப்பு அடுக்கு) என்று தனித்தனியாகச் சுவைத்துவிட்டு, அப்புறம் மொத்தமாகக் கடியுங்கள். வேஃபருக்கு ரம்பப்பல் கத்திதான் சரி. கிட்கேட்டின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு பூச்சு தெரிகிறதா? பிரிட்டனில் யார்க் நகர ஆலையில், உடைந்த கிட்கேட்களையே அரைத்து அந்தப் பூச்சில் சேர்க்கிறார்கள்.

அமெரிக்கா போய்வந்தவர்கள் தரும் ஹெர்ஷீஸ் மில்க் சாக்லேட் லேசாகப் புளித்தால், கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். பால் கொழுப்பு உடைவதால் வரும் பியூட்ரிக் அமிலம் அது. நாள்பட்ட வெண்ணெயில் அடிக்கும் வாடையும் அதேதான்.

பின்சேர்க்கை: மேலே வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் இல்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, மறையாமல் சொரசொரத்தால் ஈரம் பட்ட சர்க்கரை. தின்னலாம், ஆனால் இந்த ருசிப் பரீட்சைக்கு ஆகாது. சூடான பாலில் போட்டுக் கலக்கிக் குடித்துவிடுங்கள்.